முன் கண்ணாடிக்கு வெளியால போடுற கவர்: எதை வாங்கிறது, எப்பிடிப் போடுறது?

உருளும்வீடு
லெஸ்ரர் | 14 செப்டெம்பர், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா நீங்கள் எழுதிறதை வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இண்டைக்குத்தான் வாய் திறக்கிறன்.

ஓகஸ்டில ஒரு மோட்டர்ஹோம் (கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வான்) வாங்கினனாங்கள். 2015 பியற் டுக்காற்றோ, சாரதி இருக்கைக்கு மேல கட்டில் வாறது. நான், மனுசி, ரெண்டு பிள்ளையள், அம்மா. போன கிழமை பீக் டிஸ்ரிக்ற் போய் ரெண்டு இரவு நிண்டம். விடிய எழும்பித் திரைச்சீலையை விலக்கினா, முன் கண்ணாடியின்ர உள்பக்கமாத் தண்ணி ஓடுது. டாஷ்போட்டில குட்டிக் குளம். துவாயால ஒற்றி வெளியில பிழிஞ்சன், திரும்ப ஒற்றினன், திரும்பப் பிழிஞ்சன். பின் கட்டிலில இருந்து அம்மா கேக்கிறா, "கூரை ஒழுகுதோ மோனை?"

வானை வித்தவர் உள்பக்கம் ஒட்டுற வெள்ளித் தட்டி ஒண்டும் தந்தவர். எட்டுச் சக்ஷன் கப். நடுச்சாமத்தில ரெண்டு கழண்டு விழுந்திட்டுது, மிச்சம் விடியமுன் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே சின்னவள் எழும்பிட்டாள்.

ஒக்ரோபர் பள்ளி விடுமுறைக்கு ஸ்கொட்லாந்து, கிளென்கோ பக்கம் போக யோசனை. வெளியால போடுற கவர்தான் சரி எண்டு பலர் சொல்லினம். 60 பவுணுக்கும் இருக்கு, 300 பவுணுக்கும் இருக்கு. என்ன வித்தியாசம்? மழைக்குள்ள தனியாப் போடலாமோ? நான் ஐஞ்சடி ஐஞ்சு அங்குலம், அதையும் கணக்கில எடுங்கோ.

கோப்பாய்ப்பொடியன்
மில்ற்றன் கீன்ஸ் | 14 செப்டெம்பர், இரவு 10:30

வாங்கோ தம்பி. முதல் ஒரு கேள்வி. வானுக்குள்ள புட்டு அவிச்சனீங்களோ?

உருளும்வீடு
14 செப்டெம்பர், இரவு 10:34

அண்ணை, எப்பிடித் தெரியும்? அம்மா ரெண்டு இரவும் அவிச்சவ.

கோப்பாய்ப்பொடியன்
14 செப்டெம்பர், இரவு 11:05

எங்கட வீட்டிலயும் அதுதான் நடந்தது. புட்டு ஆவி, ஐஞ்சு பேரின்ர மூச்சு, காயப்போட்ட மழைச்சட்டை எல்லாம் சேர்ந்து எங்கையோ போய் ஒட்டத்தானே வேணும். அந்த இடம் உங்கட முன் கண்ணாடி.

வீட்டுப் பக்க ஜன்னலுகளைத் தட்டிப் பாருங்கோ. அது கண்ணாடியே இல்லை. ரெண்டு தட்டு அக்ரிலிக், நடுவில காத்து. அதால அவ்வளவு குளிராது. முன் கண்ணாடி ரெண்டு தாள் சேர்த்து ஒட்டினது எண்டாலும் நடுவில காத்து இல்லை, குளிருக்கு அது ஒத்தைக் கண்ணாடிதான். வானுக்குள்ளயே ஆகக் குளிர்ந்த இடம். ஈரம் அங்கதான் ஓடும்.

இப்ப உந்த வெள்ளித் தட்டியின்ர கதை. உள்பக்கம் தட்டி போட்டா ஹீற்றர் சூடு கண்ணாடிக்குப் போகாது, கண்ணாடி இன்னும் குளிரும். ஆனா தட்டி காத்துப்புகாமல் ஒட்டியிருக்கிறதில்லை, ஓரத்தால ஈரக்காத்து பின்னால போய்க்கொண்டுதான் இருக்கும். அப்ப தட்டிக்குப் பின்னால கண்ணாடி நனையும், உங்களுக்கு விடியும்வரைக்கும் தெரியாது. கப் விழுந்ததும் அதாலதான், ஈரக் கண்ணாடியில எது ஒட்டும்?

வெளியால போட்டா கண்ணாடி போர்வைக்கு உள்பக்கம் வந்திடும். வானுக்குள்ள உள்ள சூடு கண்ணாடிக்கும் வரும், முந்தினமாதிரிக் குளிராது. நான் பதினொரு வருசமா வெளிக் கவர்தான். துவாய் பிழியிற வேலை இல்லை.

ஆனா தம்பி, விலையையும் தடிப்பையும் பார்த்து ஏமாறாதேங்கோ. கவரின்ர ரெண்டு பக்க ஓரத்தையும் முன் கதவுக்குள்ள விட்டுச் சாத்தித்தான் பிடிக்கிறது. அந்தக் கதவுக்குள்ள போற மடிப்பு எப்பிடித் தைச்சிருக்கு எண்டதுதான் முழுக் கதையும். பிறகு எழுதுறன், நாளைக்கு விடிய வேலை.

ஸ்டுட்கார்ட்_தமிழ்
15 செப்டம்பர், காலை 7:15

கோப்பாய் அண்ணன் சொன்னதுக்கு எண்ணு வச்சுப் பார்க்கலாமா? எனக்கு இந்த வியாதி உண்டு, மன்னிச்சுக்கோங்க.

உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னு வச்சுக்கோங்க. அந்தக் காத்து 10 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதுல பட்டாலும் தண்ணியா மாறிடும். குளிரான அக்டோபர் ராத்திரியில, ஒத்தைக் கண்ணாடி 10 டிகிரிக்குக் கீழே சுலபமா இறங்கிடும். அதனால "எப்படி ஈரமாச்சு"ன்னு ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. ஆகாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. காஸ் எரிஞ்சாலே தண்ணி வரும். 100 கிராம் புரொப்பேன் எரிஞ்சா 160 மில்லி தண்ணி ஆவியா வெளியே வரும். ட்ரூமா மாதிரி ஹீட்டர்ல அது புகைக்குழாய் வழியா வெளியே போயிடும். அடுப்புல எரிஞ்சா எல்லாம் உங்க வண்டிக்குள்ளதான். புட்டு ஆவி தனி, அடுப்போட ஆவி தனி.

அடுத்தது, "காஸ் மிச்சமாகும்"னு கடைக்காரங்க சொல்றது. எங்க வண்டி டுகாட்டோதான். டேப் வச்சு அளந்தேன், முன் கண்ணாடியும் ரெண்டு கதவுக் கண்ணாடியும் சேர்ந்து 2.5 சதுர மீட்டர் சுமார். ஒத்தைக் கண்ணாடி வழியா சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.7 வாட் போகும். உள்ளே 18, வெளியே மைனஸ் 2. பெருக்கினா 285 வாட். பத்து மணி நேரத்துல 2.85 யூனிட். காஸ் கணக்குல 220 கிராம். கவர் இதுல பாதியைத் தடுத்தாக்கூட ராத்திரிக்கு 110 கிராம் மிச்சம். ஒரு 11 கிலோ சிலிண்டர் மிச்சம் பிடிக்க நூறு குளிர் ராத்திரி வண்டியில தூங்கணும்!

அதனால காசுக்காக வாங்காதீங்க. ஈரம் இல்லாம இருக்க, முன் சீட்டைத் திருப்பிப் போட்டு உக்காரும்போது கழுத்துல குளிர் இறங்காம இருக்க வாங்குங்க. அதுக்கு இது நல்ல பொருள்.

ட்ரான்சிட்காரன்
எசெக்ஸ் | 15 செப்டெம்பர், மதியம் 12:50

நான் எதிர்க்கட்சி. போர்ட் ட்ரான்சிற்றில கண்ணாடிக்குள்ளயே கம்பி ஓடுது. விடிய எஞ்சினை ஸ்ராட் பண்ணி பொத்தானை அமத்தினா ரெண்டு நிமிசத்தில பனியும் இல்லை ஈரமும் இல்லை. இதுக்கேன் 200 பவுண்?

அதைவிடப் பெரிய விசயம் ஒண்டு. ராத்திரி ஆரும் வந்து கதவைத் தட்டினா, பக்கத்தில குடிகாரர் கூடினா, உள் தட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டு அப்பிடியே ஓடலாம். வெளிக் கவர் எண்டா இருட்டுக்க இறங்கி, ரெண்டு கதவையும் திறந்து, உருவி எடுக்கோணும். அதுவரைக்கும் அவங்கள் பார்த்துக்கொண்டு நிப்பாங்களோ?

மலைப்பாதை
சூரிச் | 15 செப்டெம்பர், மாலை 6:20

ட்ரான்சிட்காரன் தம்பி, ரெண்டாவது பந்தி முழுக்கச் சரி. முதல் பந்தி எங்கட பக்கம் செல்லாது. ஜேர்மனியில நிண்ட இடத்தில எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாத் தண்டம். உங்கட இங்கிலாந்திலயும் பொது வீதியில தேவையில்லாமல் ஓடவிடக்கூடாது எண்டு சட்டம் இருக்கு. காம்ப்சைற்றில விடிய ஆறு மணிக்கு டீசல் எஞ்சினை ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ, பக்கத்து வான்காரரே தண்டம் வசூலிப்பினம்.

நான் அரைவாசிப் பயணம் தனியத்தான் போறனான். என்ர வழக்கம்: காம்ப்சைற் எண்டா வெளிக் கவர். வீதியோரத் தரிப்பிடத்தில ஒரு இரவு எண்டா உள் தட்டி, திறப்பு கையெட்டுற இடத்தில. வெளிக் கவர் போட்டா "உள்ளுக்க ஆள் படுத்திருக்கு" எண்டு தூரத்திலயே தெரியும். சில ஊரில அது பரவாயில்லை, சில ஊரில வேண்டாம். ரெண்டும் வச்சிருக்கிறதில பிழையில்லை. உருளும்வீடு, உங்கட பழைய தட்டியை எறிஞ்சுபோடாதேங்கோ.

கோடைக்கும் ஒரு சொல்லு. போன ஜூலை ஸ்பெயினில வெயில் ஏறுறதுக்கு முன்னம் வெளியால போட்டுவிட்டன். உள் தட்டி வெயிலைக் கண்ணாடிக்கு உள்ள விட்டுப்போட்டுத்தான் தடுக்கும், கண்ணாடிக்கும் தட்டிக்கும் நடுவில இருக்கிற காத்து அடுப்பு மாதிரிக் கொதிக்கும். வெளிக் கவர் வாசலிலயே மறிச்சு அனுப்பிப்போடும். குளிருக்கு வாங்கினது, கடைசியில வெயிலுக்குத்தான் கூடப் பாவிக்கிறன்.

உருளும்வீடு
15 செப்டெம்பர், இரவு 8:55

எல்லாருக்கும் நன்றி. மனுசிக்கு 285 வாட் கணக்கை வாசிச்சுக் காட்டினன். "அப்ப வாங்கத் தேவையில்லை எண்டுதானே சொல்லுறார்" எண்டா. முழுக்க வாசிக்கச் சொன்னன்.

விளம்பரத்தில பழசு ஒண்டு 60 பவுணுக்குக் கிடக்கு. "டுக்காற்றோவுக்குப் பொருந்தும்" எண்டு மட்டும்தான் எழுதியிருக்கு. வருசம் இல்லை. எடுக்கலாமோ?

கோப்பாய்ப்பொடியன்
15 செப்டெம்பர், இரவு 10:10

நாலு விசயம் கேளுங்கோ அந்த ஆளிட்ட.

எந்த வருச வான்? 2006இல டுக்காற்றோவின்ர வடிவம் அடியோட மாறினது. அதுக்கு முந்தினதின்ர கவர் உங்களுக்கு வராது. 2014இல முகம் திரும்ப மாறினது, பொனற்றும் லைற்றும் வேற, கண்ணாடி அதேதான். அப்ப கண்ணாடியை மட்டும் மூடுற கவர் எண்டா 2006க்குப் பிறகு எதுவும் சரி. பொனற்றையும் மூடுற நீட்டுக் கவர் எண்டா 2014க்குப் பிந்தினது வேணும். பெஜோ பொக்ஸர், சிற்றொயன் ரிலே ரெண்டும் இதே கபின்தான், அதின்ர கவரும் வரும்.

மிரர் கை நீட்டோ கட்டையோ? இதைக் கனபேர் விட்டுடுவினம். வான் உடம்பை அப்பிடியே வீடாக்கினதுக்குக் கட்டைக் கை மிரர். உங்கட மாதிரி அகலமா வீடு கட்டினதுக்கு நீட்டுக் கை. மிரருக்கு வெட்டின இடம் பிசகினா அந்த மூலையால காத்து புகுந்து இரவு முழுக்கப் படபடக்கும். நித்திரை இல்லை.

முன்பக்கம் இறக்கிற பகுதி இருக்கோ? நல்ல கவரில கண்ணாடிக்கு முன்னால உள்ள துண்டைத் தனியா அவிட்டுக் கீழ இறக்கிவிடலாம், கவரைக் கழட்டத் தேவையில்லை. பகலில வெளிச்சம், மழையில வெளிய பார்க்கலாம். அது இல்லாட்டி பகல் முழுக்கக் குகைக்குள்ள இருக்கிறமாதிரி. அம்மா வாறா எண்டா கட்டாயம் வேணும்.

உள்பக்கத் துணி எப்பிடி இருக்கு? கண்ணாடியில படுற பக்கம் மெத்தெண்ட துணி, நடுவில பஞ்சு அல்லது நுரை, வெளியில தண்ணி புகாத பூச்சு. பழசில வெளிப்பூச்சு உரிஞ்சு போயிருந்தா பஞ்சு தண்ணி குடிக்கும். குடிச்சா பாரம், பூஞ்சணம், மணம். விரலால மடிச்சுப் பாருங்கோ, மடிச்ச இடத்தில வெடிப்புத் தெரிஞ்சா விடுங்கோ.

பாணும்சம்பலும்
குரோய்டன் | 15 செப்டெம்பர், இரவு 10:22

எங்கட மாமா கடையில வாங்கின நீலப் படங்கை விரிச்சு நாலு மூலைக்கும் கயிறு கட்டுவார். 8 பவுண். பக்கத்து வெள்ளைக்காரர் வந்து "ஏதும் விபத்தோ" எண்டு கேட்டவை.

வடதுருவம்
துரொண்ட்ஹைம் | 16 செப்டெம்பர், காலை 6:05

நல்லாச் சிரிச்சன். ஆனா படங்கு வேண்டாம். ஓரத்தில உள்ள உலோக வளையம் காத்துக்கு அடிச்சு அடிச்சு பெயின்ற்றைத் தின்னும்.

எங்கட பக்கம் கடுங்குளிர் நாளில மைனஸ் 15, 18 வரைக்கும் போகும். ஆதலால் நான் பொனற்றையும் மூடுற நீட்டுக் கவர்தான். கண்ணாடியை மட்டும் மூடினா பெடல் பக்கத்தால, எஞ்சின் பக்கத்தால குளிர் வந்துகொண்டுதான் இருக்கும். லெஸ்ரர் தம்பிக்கு அது தேவையில்லை. ஸ்கொட்லாந்தில ஒக்ரோபரில உங்கட பெரிய எதிரி மழையும் காத்தும், உறைபனி அவ்வளவு இல்லை.

உறையிற இடத்துக்குப் போறாக்களுக்கு ரெண்டு சொல்லு. ஒண்டு, ஈரமாப் போட்ட கவர் விடிய ஒட்டுப்பலகை மாதிரி நிக்கும். மடிக்கப் போனா வெடிக்கும். முன்னால இறக்கிற துண்டை இறக்கிவிட்டு, ஹீற்றரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் கால் மணித்தியாலம் பொறுங்கோ. சுடுதண்ணி ஊத்தாதேங்கோ, கண்ணாடி போயிடும். ரெண்டு, கதவு ரப்பரில ஒட்டி உறையும். போக முன்னம் ரப்பருக்கு சிலிக்கோன் பூசிவிட்டா ஒட்டாது.

எல்லாருக்கும் பொதுவா ஒண்டு: போடமுன் கண்ணாடியைக் கழுவுங்கோ. ரோட்டு மண் இருக்கேக்க கவரைப் போட்டுக் காத்தடிச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுக்குச் சமன்.

உருளும்வீடு
28 செப்டெம்பர், மாலை 5:40

60 பவுண் ஆள் வருசமும் சொல்லேல்லை, மறுமொழியும் இல்லை. புதுசு வாங்கினன், 165 பவுண். நீட்டுக் கை மிரருக்கு, முன்பக்கம் இறக்கிறது.

இண்டைக்கு வீட்டு வாசலில முதல் ஒத்திகை. உள்பக்கத்தை வெளியால போட்டுட்டு "ஏன் வெள்ளிப் பக்கம் உள்ளுக்க போகுது" எண்டு ரெண்டுபேரும் பத்து நிமிசம் வாதாடினம். பிறகு மேல்பக்கம் கீழ. மூண்டாம் தரம் சரிவந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலுகள் எல்லாத்திலயும் ஆள்.

தனியாப் போட ஏதும் ஒழுங்கு இருக்கோ?

மலைப்பாதை
28 செப்டெம்பர், இரவு 7:15

நான் ஐஞ்சடி ஒண்டு, தனியாப் போடுறனான். அப்ப நீங்களும் போடலாம்.

பையில வைக்கேக்கயே ஒழுங்கு தொடங்குது. ரெண்டு பக்க மடிப்பையும் நடுவுக்கு மடிச்சு, மேலிருந்து கீழ சுருட்டி வையுங்கோ. எடுக்கேக்க பொனற்றில வச்சு மேல நோக்கி அவிட்டா எது மேல், எது கீழ் எண்ட கேள்வியே வராது. மேல் விளிம்பு நடுவில ஒரு சிவப்பு நூல் தைச்சு வச்சிருக்கிறன், இருட்டில ரோச் அடிச்சாத் தெரியும்.

ரெண்டு முன் கதவையும் திறந்து விடுங்கோ. காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்க மடிப்பை முதல் உள்ளுக்க விட்டுக் கதவைச் சாத்துங்கோ. இப்ப காத்து எங்கட பக்கம், கவரைத் தானே கண்ணாடியில அமத்தும். மற்றப் பக்கம் போய் இழுத்து, மடிப்பை விட்டுச் சாத்துங்கோ. பிறகுதான் மிரர். கடைசியா அடி இலாஸ்ரிக். மறுவளமாத் தொடங்கினா கவர் பாய்மரம், நீங்கள் அதில தொங்கிற ஆள்.

கால் வைக்க மடிக்கிற படி ஒண்டு வாங்குங்கோ. சில்லில ஏறாதேங்கோ, மழைக்கு வழுக்கும்.

உருளும்வீடு
1 ஒக்ரோபர், காலை 6:50

நேற்று இரவு வாசலில போட்டுட்டு விட்டன், நல்ல மழை. இப்பதான் போய்ப் பார்த்தன். கண்ணாடி உள்பக்கம் காஞ்சுபோய்க் கிடக்கு. ஆனா சாரதி இருக்கை தொப்பல்! இருந்து பார்த்துத்தான் கண்டுபிடிச்சன். வேலைக்குப் போற காற்சட்டை.

165 பவுண் குடுத்துத் தண்ணியை முன் கண்ணாடியில இருந்து இருக்கைக்கு மாத்தியிருக்கிறன். திருப்பி அனுப்பவோ?

ட்ரான்சிட்காரன்
1 ஒக்ரோபர், காலை 7:30

நான் ஒண்டும் சொல்லேல்லை.

கோப்பாய்ப்பொடியன்
1 ஒக்ரோபர், மதியம் 1:10

அனுப்பமுன் ஒண்டு செய்யுங்கோ. கதவைத் திறக்காமல் உள்ளுக்கிருந்து பாருங்கோ. மடிப்பின்ர கடைசி விளிம்பு எங்க தொங்குது? அந்த விளிம்பை விரலால அமத்துங்கோ. தண்ணி வருதோ?

உருளும்வீடு
1 ஒக்ரோபர், இரவு 8:20

பார்த்தன் அண்ணை. மடிப்பு கதவு ரப்பரைத் தாண்டி உள்ளுக்க வந்து, ஒரு சாண் நீட்டுக்கு இருக்கையின்ர ஓரத்துக்கு மேல தொங்குது. கவரின்ர மற்ற இடம் எல்லாம் வெளியில பளபளப்புப் பூச்சு, ஆனா இந்த விளிம்பைச் சுத்திக் கறுப்புப் பட்டி ஒண்டு தைச்சிருக்கு, காலணி நாடா மாதிரி நெய்த துணி. அதை அமத்தினா சொட்டுது. நான் பார்த்துக்கொண்டிருக்கேக்கயே ஒரு துளி பட்டியின்ர மூலையில உருண்டு திரண்டு, கொஞ்சம் யோசிச்சு, இருக்கையில விழுந்தது. எண்ணினன். இருபத்தி ரெண்டு செக்கனுக்கு ஒண்டு.

ஸ்டுட்கார்ட்_தமிழ்
1 அக்டோபர், இரவு 9:00

22 நொடிக்கு ஒரு துளின்னா மணிக்கு 160 துளி. இருபது துளி ஒரு மில்லின்னு வச்சா மணிக்கு 8 மில்லி. ராத்திரி எட்டு மணி நேரத்துல 65 மில்லி, அதுவும் ஒரு பக்கம். ஒரு சின்னக் காபி டம்ளர். சீட் நனையப் போதும்.

கவர் ஓட்டை இல்லை. விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேல இழுக்குதோ, அதே மாதிரி அந்தப் பட்டி தண்ணியை ரப்பருக்கு அடியில இழுத்துட்டு வருது. ரப்பர் எவ்வளவு இறுக்கினாலும் நெய்த நூலுக்குள்ள இருக்கிற வழியை அடைக்க முடியாது. வெளியே இருக்கிற ஈரத்தைவிட உள்ளே தொங்குற நுனி தாழ்வா இருக்கு, அவ்வளவுதான் அதுக்கு வேணும்.

கோப்பாய்ப்பொடியன்
1 ஒக்ரோபர், இரவு 9:45

நான் முதல்நாள் சொன்ன "கதவுக்குள்ள போற மடிப்பு" இதுதான் தம்பி. நல்ல தையலில ரப்பரைத் தாண்டுற பகுதி பஞ்சு இல்லாமல் ஒத்தைப் பூச்சுத் துணி, விளிம்பில பட்டி இராது, வெட்டினபடி இருக்கும். உங்கடதில அழகுக்குப் பட்டி தைச்சிருக்கினம்.

ஆனா இது திருத்திற விசயம். ரப்பரில இருந்து உள்ளுக்க உள்ள பட்டியைப் பிரிச்சு எடுங்கோ. ஊசி போன துளையளுக்குக் கூடாரத் தையலுக்குப் பூசிற பசை விக்கிது, ரெண்டு பக்கமும் பூசி ஒரு நாள் காயவிடுங்கோ. ரப்பருக்கு வெளியில ஒரு அங்குலம் தள்ளி, பட்டி மிச்சம் இருக்கிற இடத்திலயும் ஒரு கோடு பூசுங்கோ, அங்கயே மறியும்.

மலைப்பாதை
1 ஒக்ரோபர், இரவு 10:05

அதோட ஒண்டு. உள்ளுக்க வந்த துண்டைத் தொங்கவிடாதேங்கோ. மேல மடிச்சுக் கதவுக் கைபிடியில கிளிப் போட்டுவிடுங்கோ. நுனி மேல நோக்கி நிண்டாத் தண்ணி ஏறி வராது. நான் உடுப்புக் காயப்போடுற கிளிப் ரெண்டுதான் பாவிக்கிறன். பசை காயும்வரைக்கும் இதுவே போதும்.

உருளும்வீடு
23 ஒக்ரோபர், இரவு 10:30

திரும்பி வந்திட்டம். கடன் இருக்கு உங்களுக்கு, எழுதாமல் விடேலாது.

பட்டி பிரிச்சு, பசை பூசி, கிளிப் போட்டு. போக 400 மைல் கிட்ட. ஆறு இரவில நாலு இரவு மழை. இருக்கை நனையேல்லை. கண்ணாடி ஓரத்தில மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய ஈரம், துடைச்சா ஒரு துடைப்பு. துவாய் பிழியேல்லை. அம்மா புட்டு அவிச்சவ, கூரை ஜன்னலைத் திறந்துவிட்டு. தரையில உள்ள காத்துத் துளைகளை மனுசி குளிருக்கு அடைக்கப் பார்த்தவ, அடுப்பு எரியிற வான் எண்டு சொல்லி மறிச்சுப்போட்டன்.

ஒரே ஒரு இரவு தோல்வி. கிளென்கோவில ராத்திரி காத்து கூடிக்கூடி வந்து, இடப்பக்க மிரர் மூலை படபட எண்டு அடிக்கத் தொடங்கிச்சுது. ரெண்டு மணிக்கு இறங்கி, மலைப்பாதை அக்கா சொன்ன ஒழுங்கை மறுவளமாச் செய்து கழட்டினன்: காத்தடிக்கிற பக்கத்தைக் கடைசியா விட்டன். அப்பிடியும் சுருட்டேலாமல் பந்து மாதிரி அமத்திக் குளிக்கிற அறைக்குள்ள எறிஞ்சன். மிச்ச இரவுக்கு எட்டுக் கப் தட்டி. நாலு விழுந்தது.

அடுத்தநாள் விடிய வெயில். திரும்பப் போட்டன், காயட்டும் எண்டு. அம்மாவைத் திருப்பிவிட்ட முன் இருக்கையில இருத்தி, முன் துண்டை மட்டும் இறக்கிவிட்டன். மலை முழுக்க ஒரேயடியா வந்து நிண்டது. அம்மா கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "இவ்வளவு பெரிய மலையில ஒரு கோயில் கட்டேல்லையே" எண்டா.

ஒரு கேள்வி மிச்சம். ஈரக் கவரை ஓடேக்க எங்க வைக்கிறனீங்கள்?

கோப்பாய்ப்பொடியன்
23 ஒக்ரோபர், இரவு 11:00

வெளிப்பக்க லொக்கர் இருந்தா அங்க, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில. இல்லாட்டி குளிக்கிற தட்டில நிமித்தி வையுங்கோ, தண்ணி தானே வடியும். அது வாற பையில ஈரத்தோட ரெண்டு நாளுக்கு மேல விடாதேங்கோ. வீட்டுக்கு வந்தாக் கொடியில போட்டு, காஞ்சபிறகு மெல்லிய சவர்க்காரத் தண்ணியால துடைக்கலாம். வொஷிங் மெஷினுக்க போடாதேங்கோ, பிரஷர் வொஷரும் வேண்டாம், பூச்சு உரிஞ்சிடும்.

மிரர் மூலைக்கு: இலாஸ்ரிக்கை மிரர் கையில ரெண்டு சுத்துச் சுத்திக் கொழுவுங்கோ. மணிக்கு நாப்பது மைல் காத்துக்கு மேல எண்டா என்ன கவர் எண்டாலும் கழட்டிறதுதான். நானும் கழட்டுவன்.

ட்ரான்சிட்காரன்
24 ஒக்ரோபர், காலை 8:10

அக்கா, அந்தக் கூடாரப் பசை சின்ன ரியூப் போதுமோ? எனக்கில்லை, ஒரு நண்பருக்கு.

மலைப்பாதை
24 ஒக்ரோபர், காலை 8:25

சின்னது போதும் தம்பி. நண்பருக்கு ட்ரான்சிற்றோ?

உருளும்வீடு
24 ஒக்ரோபர், மாலை 6:00

எறியாதேங்கோ எண்டு சொன்னதால தட்டியை வச்சிருக்கிறன். ஆனா சக்ஷன் கப் புதுசா வாங்கோணும், ஆரிட்டயும் மேலதிகமா இருக்கோ? எட்டு வேண்டாம், பத்துத் தாங்கோ. விழுறதுக்கும் சேர்த்து.